சுவரில் எழுதும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் நெல்லைப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளும் தெருக்காரர்களும் குழுக்களாகச் சேர்ந்து சுவரோவியம் தீட்டும் போட்டி ஒன்று நடக்கவிருக்கிறது. ஊரின் அடையாளமும் மரபும்தான் பொருள். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என்னையும் நடுவர்களில் ஒருவனாகச் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் தூரிகையைத் தொடும் முன்பே சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்று இங்கே வந்திருக்கிறேன்.

சில குழுக்களின் மாதிரிப் படங்களைப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் நடுவில் நெல்லையப்பர் கோபுரம், பின்னால் பொதிகை, கீழே தாமிரபரணி, ஒரு மூலையில் அல்வா, மறு மூலையில் முண்டாசுடன் பாரதி. எல்லாம் நம் பெருமைகள்தான், ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே படத்தை வள்ளியூரிலும் வரையலாம், முக்கூடலிலும் வரையலாம், சென்னையில் ஒரு ஓட்டல் சுவரிலும் வரையலாம். சுவர் எந்த ஊரில் நிற்கிறது என்பதை அந்தப் படம் சொல்லவில்லை.

இந்த வேலையை நமக்கு முன்னால் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருமலாபுரத்தில் பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயிலில் பாண்டியர் கால ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. குற்றாலம் சித்திர சபையில் நடராசரே ஓவியமாகத்தான் ஆடுகிறார். ஆனால் இந்தப் போட்டிக்கு வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள், நிலை நிலையாக ஏறிப் போனால், நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் நான்கு புறமும் சூழ்ந்து நிற்கின்றன. தூண்களிலும் உத்தரங்களிலும் மர வேலைப்பாடு. உள்ளே வெளிச்சம் குறைவு. கண் பழகப் பழகத்தான் காவிச் சிவப்பும் மஞ்சளும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். இராமாயணம் இருக்கிறது, திருவிளையாடல் இருக்கிறது. அவற்றோடு ஒரு கப்பலும் இருக்கிறது! குதிரைகளை ஏற்றி வரும் அயல்நாட்டு வணிகர்கள், அணிவகுத்துப் போகும் படை, யானை, ஈட்டி எல்லாம் இருக்கின்றன. 1532-இல் விஜயநகரப் படைக்கும் தென்கேரளத்து வேணாட்டு அரசருக்கும் தாமிரபரணிப் பகுதியில் நடந்த போரைத்தான் அந்தப் படைக்காட்சி காட்டுகிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். சாமி கதை எழுத வேண்டிய சுவரில், தம் காலத்தில் கண்டதையும் கேட்டதையும் அந்த ஓவியர்கள் சேர்த்து எழுதிவிட்டார்கள். அந்தத் துணிச்சலை நம் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்கிறேன்.

அடுத்து நான் சொல்லப் போவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் மாவட்டத்தில் சுவரில் வண்ணம் பூசுவது வெறும் அழகுக் காரியம் அல்ல. மின்கம்பத்திலும் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் இரண்டு மூன்று நிறங்களைப் பட்டை பட்டையாகப் பூசி, இது இன்ன சாதியின் எல்லை என்று அறிவிக்கும் வழக்கம் இங்கே உண்டு. அதிகாரிகள் வெள்ளையடித்து அழிப்பார்கள், மறுபடியும் வரும். அதே நிறங்கள் பிள்ளைகளின் மணிக்கட்டில் கயிறாகவும் ஏறின. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே சாதியின் பேரில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில், அந்தக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. ஊர் அடையாளம் என்று யாராவது ஆரம்பித்தால், எந்தத் தெருவின் அடையாளம் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.

அதனால் ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு விதிகளை வற்புறுத்திச் சேர்த்திருக்கிறேன். ஒரு குழுவில் ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் இருக்கக் கூடாது. படம் வரையும் சுவர், பள்ளிக்கூடச் சுவரோ ரேஷன் கடைச் சுவரோ, எல்லாத் தெருக்காரர்களும் தினம் கடந்து போகும் சுவராக இருக்க வேண்டும். சாரத்தில் ஒருவன் ஏறி நிற்க, கீழே நின்று வண்ணக் குவளையை எடுத்துக் கொடுப்பவன் வேறு தெருப் பையனாக இருக்கட்டும். பெற்றோர்கள் இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

எதை வரைவது என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த கோரைப் புல்லை ஓடும் நீரில் ஊறப்போட்டு, அது உப்பி வந்ததும் மெல்லிய இழைகளாகக் கீறி, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். பட்டுப் பாய் எனப்படும் மிக மெல்லிய பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். கல்யாணப் பாய் என்றால் மணமக்கள் பெயரையும் சேர்த்தே நெய்து தருவார்கள். நெய்கிறவர்களில் மிகப் பலர் இஸ்லாமியப் பெண்கள். நம் வீட்டு முகூர்த்தத்தில் விரித்த பாயில், முன்பின் பார்த்திராத ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து நம் பெயரை எழுத்து எழுத்தாகக் கோத்திருக்கிறாள். இதைவிட நல்ல மரபு நம்மிடம் என்ன இருக்கிறது? பத்தமடைச் சுவரில் அந்த விரல்களையும் கோரையையும் மட்டும் பெரிதாக வரைந்தால் போதும்.

எல்லாம் பழையதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை ஆற்றங்கரைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் நகர முடியாமல் நின்றபோது, சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அதுவும் வரைய வேண்டிய படம்தான். வெள்ளம் ஏறிய தெருக்களில், தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று பெரியவர்களைக் கேட்டு, அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலும் கீழுமாகப் படத்தை அமையுங்கள். பின்னால் அந்தத் தெருவில் வீடு கட்டுகிறவர்களுக்கும் அந்தக் கோடு உதவும்.

நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற உயர் பதவியில் இருந்த அந்தச் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. அதன் வளைவுகளைக் கொக்கிரகுளம் பிள்ளைகள் நேரில் போய் நின்று பார்த்து வரையட்டும். போனில் வரும் படத்தைப் பார்த்து வரைந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

கைவேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் காரையின் மேல் காவிக்கல், மஞ்சள் காவி, விளக்குக் கரி கொண்டு எழுதினார்கள். நமக்குக் கிடைப்பது சிமெண்ட் சுவர், அதில் பாதி போஸ்டர் பசை. பசையை ஊறவைத்துச் சுரண்டுங்கள். அடியில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஓதச் சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் செதில் செதிலாக உதிரும், அந்தச் சுவரே வேண்டாம். பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு, நீலப் பொடி தோய்த்த நூலை இருவர் இரு முனையில் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் நடுவில் சுண்ட வேண்டும். நேர்கோடு பளிச்சென்று விழும். அப்படிக் கட்டம் போட்டுக்கொண்டால், நோட்டுப் புத்தகத்தில் வரைந்ததைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்குவது சிறு பிள்ளைக்கும் கைவரும். வெளிச்சுவருக்கு உரிய எமல்ஷன் மட்டும் வாங்குங்கள், காசை மிச்சம் பிடிக்க வேறு எதையும் வாங்க வேண்டாம்.

பரிசைப் பொறுத்தவரை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தொகையில் பாதியை முடிவு சொல்லும் நாளில் கொடுப்போம். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து, தை பிறந்ததும் நடுவர்கள் மறுபடியும் ஒவ்வொரு சுவராகப் பார்க்க வருவோம். படத்தின் மேல் போஸ்டர் ஒட்டாமல் காத்து, உரிந்த இடங்களைத் திருத்தி வைத்திருக்கும் குழுக்களுக்கு மீதிப் பாதி. ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் பெயிண்டை மூடி வைத்துக்கொள்ளுங்கள், தை மாதம் தேவைப்படும்.

வணக்கம்.