தண்ணி வரலையா? உங்க பாத்ரூம்லயே 15 லிட்டர் இருக்கு!

(காட்சி: குழாயைத் திறக்குற கை. காத்து மட்டும் வருது.)

சம்ப்பு காலி. லாரி நாளைக்குத்தான். சரி, கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க. சுவத்துல தொங்குதே கீசர், அதுக்குள்ள 15 லிட்டர், பெரிய கீசர்னா 25 லிட்டர் தண்ணி அப்படியே நிக்குது!

எப்படின்னா, கீசருக்குள்ள பச்சைத் தண்ணி அடியில நுழையும், வெந்நீர் உச்சியிலேர்ந்து கிளம்பும். புதுத் தண்ணி கீழேர்ந்து தள்ளினாத்தான் மேல இருக்கிறது வெளிய வரும். தள்ளுறதுக்குத் தண்ணி இல்லைன்னா கீசர் நிறைஞ்சபடியேதான் இருக்கும்.

முதல்ல சுவிட்சை அணைங்க. நல்லா ஆறட்டும், இதுல அவசரமே வேண்டாம். நீல வளையம் போட்ட பக்கம்தான் பச்சைத் தண்ணி நுழையிற வழி. அந்த லைனோட ஆங்கிள் காக்கை, அதாவது சுவத்துல இருக்கிற திருகு வால்வை மூடுங்க, அடியில பக்கெட் வைங்க. வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்க, காத்து உள்ள போகணும். இப்போ நீலப் பக்கத்து சேஃப்டி வால்வுல இருக்கிற சின்ன நெம்புகோலைத் தூக்கினா தண்ணி இறங்கும். நெம்புகோல் இல்லாத வால்வா இருந்தா பிளம்பரைக் கூப்பிடுங்க, நீங்களா திருகாதீங்க. இந்தத் தண்ணி கழுவ, துடைக்க மட்டும்தான். குடிக்க வேண்டாம்.

உங்க கீசர் எத்தனை லிட்டர்னு கமெண்ட்ல போடுங்க!

(காட்சி: வறண்ட ஏரி.)

2019 சென்னை ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வத்திப்போய், ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு நகரத்துக்கான அரசாங்கக் கணக்கு இருக்கு. அப்படிப் பாத்தா அவ்வளவு பெரிய ரயில் 18,500 பேருக்கு ஒரு நாள் தண்ணி. அவ்வளவுதான்!

இன்னொரு கணக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. மொட்டை மாடி டேங்க் 1000 லிட்டர்னா எடை ஒரு டன். 15 லிட்டர் குடத்துல தூக்கினா 67 நடை. இடுப்புல குடத்தோட மூணு மாடி ஏறினவங்களைக் கேளுங்க, பத்தாவது நடையிலேயே முழங்கால் என்ன சொல்லும்னு சொல்லுவாங்க. அதே ஒரு டன்னை அரை ஹெச்.பி. மோட்டார் சுமார் அரை மணி நேரத்துல, கால் யூனிட் கரண்ட்டுல ஏத்திடுது. தினமும் தட்டுற அந்த ஒரு சுவிட்ச் எவ்வளவு பெரிய வேலை செய்யுது பாருங்க!

(காட்சி: கண்ணாடி மாதிரி டாய்லெட், உள்ள வளைவு தெரியுது.)

இப்போ ஃபிளஷ். நிறைய வீட்ல தண்ணி வீணாகுறதே இங்கதான். மக் மக்கா ஊத்தினா பத்து மக் காலியாகும், ஒண்ணும் நகராது. ஏன்னா கோப்பைக்கு அடியில ஒரு வளைவு இருக்கு. மெதுவா வர்ற தண்ணி அந்த வளைவு மேல வழிஞ்சு போயிடும், கழிவு கீழேயே நிக்கும். தேவை அளவு இல்லைங்க, வேகம்! அரை பக்கெட், அதாவது 6, 7 லிட்டரை இடுப்பு உயரத்திலேர்ந்து, நேரா குழிக்குள்ள, ஒரே வீச்சுல ஊத்துங்க. போயிடும். கடைசியா ஒரு மக் மெதுவா விடுங்க. வளைவுல நிக்கிற தண்ணிதான் சாக்கடை நாத்தத்தைத் தடுக்கிற மூடி. பாத்ரூம் தரையில இருக்கிற ஜாலிக்கும் இதேதான். அதுல நிக்கிற தண்ணி காஞ்சா நாத்தமும் கரப்பானும் மேல வரும், தினமும் ஒரு மக் ஊத்துங்க. அரிசி களைஞ்சது, துணி அலசினது, ஆர்.ஓ. கழிவு எல்லாமே இதுக்குப் போதும். ஆனா ஒரு நாளைக்கு மேல சேத்து வைக்காதீங்க, புளிச்சு நாறும்.

ஒரு குடம் மட்டும் யாரும் தொடாம வைங்க, அது மோட்டாருக்கு. சம்ப்பு வத்தினதும் மோட்டார் காத்து இழுத்துடும். லாரி வந்த பிறகு மோட்டார் தலையில தண்ணி ஊத்தி நிறைச்சாத்தான் தண்ணி எடுக்கும். ஊத்தாம ஓட்டினா உள்ள சீல் கருகிடும்.

டேங்க் நிறைஞ்சதும் எல்லாக் குழாயையும் ஒரேயடியா திறக்காதீங்க. கீழ்மட்டக் குழாயை முதல்ல, பாதியளவு. துப்பித் துப்பி வரும், காத்து வெளியேறட்டும். முதல் பக்கெட் கலங்கலா இருந்தா டாய்லெட்டுக்கு. கீசர் நெம்புகோலை இறக்கி, மூடின ஆங்கிள் காக்கைத் திறந்து விடுங்க. வெந்நீர்க் குழாய்ல தண்ணி சீரா ஓடினப்புறம்தான் கீசர் சுவிட்ச், இல்லைன்னா காலிக் கீசர்ல காயில் போயிடும். எல்லாம் ஆகியும் சமையலறைக் குழாய் நூலாத்தான் வருதுன்னா முனையில இருக்கிற வலையைக் கழட்டுங்க. மண் அடைச்சிருக்கும். பழைய டூத் பிரஷால ஒரு தேய் தேய்ச்சு மாட்டுங்க.