கம்பெனிகிட்ட நேரா கார் வாங்க முடியாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. தேவகோட்டையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அண்ணா, நாங்க பார்த்த காருக்கு எக்ஸ்-ஷோரூம் விலை 9,40,000. ஷோரூம்ல எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு 11,68,000னு சொல்றாங்க. ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500, பேசிக் கிட் (மேட் மாதிரி ஆக்சஸரீஸ்) 24,000, இன்சூரன்ஸ் 52,000, எக்ஸ்டென்டட் வாரண்டி 15,000. எல்லாமே கட்டாயமாம். இன்சூரன்ஸை வெளியில எடுத்தா கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா கட்டறது) கிடைக்காதாம். டீலரே வேணாம், கம்பெனிகிட்ட நேரா வாங்க வழியே இல்லையா?"

வீட்ல முதல் கார் வாங்கப் போறாங்க. அந்த சந்தோஷத்துல வந்து நிக்கிறவங்ககிட்ட இப்படிப் பண்றாங்களேன்னு எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

முதல்ல, நான் எப்பவும் சொல்றதையே திரும்பவும் சொல்றேன். ஆன்-ரோடு விலையை ஒரே தொகையா கேட்காதீங்க. வரி வரியா பிரிச்சு, டீலர் லெட்டர்ஹெட்ல, சீலோட வாங்குங்க. என் அத்தை பையன் கார் எடுக்கப் போனப்ப நானும் கூடப் போயிருந்தேன். சேல்ஸ் பையன் பிரவுச்சர் பின்னாடி மொத்தத் தொகையை எழுதி ரெண்டு வட்டம் போட்டுக் குடுத்தான். பிரிச்சுக் குடுங்கன்னதும் கம்ப்யூட்டர்ல ஒரு ஷீட் எடுத்தான். அதுல ஹேண்ட்லிங்னு இல்ல, 'லாஜிஸ்டிக்ஸ்'னு போட்டிருந்தது. "சரிப்பா, இது எதுக்குன்னு எழுதி சீல் போட்டுக் குடுங்க"ன்னோம். மேனேஜரே வந்துட்டார். டீ வந்தது. பேனாவால அந்த வரியை அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் போட்டார். நாங்க சத்தம் போடல, சண்டை போடல. எழுதிக் கேட்டோம், அவ்வளவுதான். வண்டியை ஷோரூம் வரைக்கும் கொண்டு வந்து உங்க கையில குடுக்கிற செலவுக்கும் சேர்த்துத்தான் எக்ஸ்-ஷோரூம் விலை. அதுக்கு மேல எதுக்கு ஹேண்ட்லிங்?

பிரிச்சு வாங்கினாத்தான் எதுல கை வைக்க முடியும்னு தெரியும். ரோடு டாக்ஸ்ல முடியாது. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், அதுக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18. உங்க வண்டிக்கு 1,22,200. அது அரசாங்கத்துக்குப் போற காசு. (10 லட்சத்தை ஒட்டி வேரியண்ட் பார்க்கிறவங்க கவனிங்க. அந்தத் தொகையைக் கொஞ்சம் தாண்டினாலும் முழு விலைக்கும் 18 சதவீதம். டாக்ஸ் மட்டுமே 50,000 ரூபாய்க்கு மேல கூடும்.)

இன்சூரன்ஸ்ல தாராளமா கை வைக்கலாம். புது காருக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம். அந்தப் பிரீமியம் அரசாங்கம் நிர்ணயிச்சது. 1000 சிசிக்கு மேல 1500 சிசி வரைக்கும் 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எங்க எடுத்தாலும் அதே ரேட்தான். மிச்சம் இருக்கிற ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு), ஆட்-ஆன் (கூடுதலா சேர்க்கிற பாதுகாப்பு) பகுதியிலதான் ஆளுக்கு ஆள் விலை மாறும். ஐடிவின்னா இன்சூரன்ஸ்ல உங்க வண்டிக்குப் போடற மதிப்பு. அதே ஐடிவி, அதே ஆட்-ஆன் போட்டு வெளியில ரேட் கேளுங்க. கேஷ்லெஸ்ங்கிறது அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இருக்கிற ஒப்பந்தம். பாலிசியை யார் மூலமா எடுத்தீங்கங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த கம்பெனியோட நெட்வொர்க் லிஸ்ட்ல உங்க ஒர்க்‌ஷாப் இருக்கான்னு பாருங்க, போதும்.

பாலிசி எடுக்க சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் வேணும். அதைக் கடைசி நாள் வரைக்கும் குடுக்காம இழுத்தடிப்பாங்க. அதனால புக்கிங் பணம் கட்டும்போதே, "இன்சூரன்ஸ் நாங்க எடுத்துக்கிறோம், நம்பர் முன்னாடியே குடுக்கணும்"னு ஃபார்ம்லயே எழுதிடுங்க. படிவம் 22 (கார் கம்பெனி குடுக்கிற தகுதிச் சான்று) கேட்டு வாங்கினா வண்டி எந்த மாசம் தயாரானதுன்னும் தெரிஞ்சிடும்.

இப்ப நேரா வாங்கற விஷயம். மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவுல 2021 அக்டோபர்ல இருந்து வண்டியைத் தானே வச்சு, நாடு முழுக்க ஒரே விலைக்கு விக்குது. டீலருக்குக் கமிஷன் மட்டும். டெஸ்லா 2025 ஜூலையில மும்பையில சொந்த ஷோரூம் திறந்தது. உங்க பட்ஜெட்டுக்கு இது ரெண்டும் உதவாது. வீட்ல யாராவது ராணுவத்துல இருக்காங்களா, ஓய்வு பெற்றவங்க இருக்காங்களா? அவங்க பேர்ல சிஎஸ்டி கேன்டீன் வழியா வாங்கலாம், நல்லா குறையும். இல்லைன்னா மதுரை, திருச்சி, புதுக்கோட்டை டீலர்கள்கிட்டயும் இதே மாதிரி பிரிச்சுக் கொட்டேஷன் வாங்குங்க. பக்கத்து ஊர்ல வாங்கி நம்ம ஊர் ஆர்டிஓவுல பதியலாம். மூணு லெட்டர்ஹெட் கையில இருந்தா பேச்சே வேற மாதிரி போகும். எதுக்கும் மசியலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஆனா தங்கச்சி, நீங்க இன்னொண்ணும் கேட்டிருக்கணும்னு நான் நினைக்கிறேன். வண்டியை யார் சர்வீஸ் பண்ணப் போறாங்க? ஓலா எலக்ட்ரிக் டீலரே இல்லாம நேரடியா ஸ்கூட்டர் வித்தாங்க. 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினப்ப, உதவி எண்ல ஒரு வருஷத்துல பத்தாயிரத்துக்கு மேல புகார் சேர்ந்திருந்தது. அதுல நிறைய சர்வீஸ் பத்தினது. வாங்குறது ஒரு நாள் வேலை. அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வருஷக்கணக்கா போயாகணும். அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை காலையில அவங்க சர்வீஸ் சென்டர்ல போய் அரை மணி நேரம் உட்காருங்க. ஜாப் கார்டுல வந்தவங்க சொன்ன குறையை அப்படியே எழுதுறாங்களா, பில்லு குடுக்கும்போது விளக்கிச் சொல்றாங்களான்னு பாருங்க. வெளிய வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. அங்க திருப்தியா இருந்தா, மதுரையை விட நாலாயிரம் ஐயாயிரம் கூட இருந்தாலும் பக்கத்து டீலர்கிட்டயே வாங்குங்க. அந்த 8,500 ஹேண்ட்லிங் சார்ஜை மட்டும் அடிக்கச் சொல்லிட்டு வாங்குங்க.

கொட்டேஷன் வந்ததும் டீலர் பேரை மறைச்சு அனுப்பி வைங்க. அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்து வரி வரியா பார்ப்போம்.