ஊர்பேர் இல்லாத சங்கம்

அனைவருக்கும் வணக்கம். "எனக்கு மேடையில் பேச வராது, கோஷம் போட வராது, நான் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறேன்?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறைய பேர். அவர்களை நினைத்துத்தான் இன்று ஒரு சமையற்காரம்மாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் ஜார்ஜியா கில்மோர். ஊர், அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி.

1955 டிசம்பர் 1ஆம் தேதி, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம்விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானது நமக்குத் தெரியும். அதே ஆண்டு மார்ச்சில் அதேபோல் எழ மறுத்துக் கைதான 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வினை எத்தனை பேருக்குத் தெரியும்? ரோசா கைதான அன்று இரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை தூங்கவே இல்லை. திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்று விடிய விடிய ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்தார். அந்தத் திங்கட்கிழமை இரவு நடந்த முதல் போராட்டக் கூட்டத்தில் பேசிய மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது 26 வயது.

பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள். ஒரு நாள் என்று தொடங்கிய புறக்கணிப்பு 381 நாள் நீண்டது. சரி, அத்தனை நாளும் வேலைக்கு எப்படிப் போனார்கள்? பலர் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெட்ரோலுக்குக் காசு?

அங்கேதான் கில்மோர் வருகிறார். ஆறு பிள்ளைகளின் தாய், ஓர் உணவகத்தில் சமையல் வேலை. முதல் கூட்டத்திலேயே கோழி வறுத்து ரொட்டிக்குள் வைத்து விற்றார். அப்புறம் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடு, கேக், பழப் பணியாரம் என்று வீட்டில் செய்து, அழகு நிலையங்களிலும் சலவைக் கடைகளிலும் விற்றார். வாங்கியவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு, காசு எதற்குப் போகிறது என்று தெரியாமலே. அந்தப் பெண்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். அதனால் யார் கொடுத்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்பதுதான் பதில். குழுவின் பெயரும் அதுவே. நம் பேச்சில் சொன்னால், ஊர்பேர் இல்லாத சங்கம்.

கிங்கின் பேச்சை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மக்கள் எழுந்தார்கள். ஆனால் மறுநாள் காலை கார் கிளம்ப வேண்டுமே! அதற்கு அடுப்படியில் நின்றவர்களின் பெயரைக்கூட நாம் கேட்பதில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை.

1956இல் இந்தப் புறக்கணிப்புக்காகக் கிங் மீது போட்ட வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார். பஸ்ஸில் காசை வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக ஏறச் சொல்லி, அவர் இறங்கியதும் ஓட்டுநர் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போனதைச் சொன்னார். வேலை போனது. கிங் ஊக்கமும் பண உதவியும் கொடுக்க, வீட்டிலேயே சமைத்துப் போட ஆரம்பித்தார். இன்னொரு பக்கம் பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரிப்பதை எதிர்த்து வழக்கறிஞர் பிரெட் கிரே நீதிமன்றத்தில் போராடினார். கோல்வினும் மனுதாரர்களில் ஒருவர். அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

1990 மார்ச்சில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா நடைப்பயணத்தின் 25ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களுக்காகக் கில்மோர் சமைத்துக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அந்தச் சாப்பாட்டையே குடும்பத்தார் பரிமாறினார்கள்.