காய்ச்சலிலிருந்து அவதிப்படுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருஷங்களுக்கு முன் கடலூர் முதுநகரில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று விடுப்புக் கடிதப் பாடம். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று பலகையில் எழுதினேன். நம்மில் பலருக்கு மனப்பாடமான வரி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், ஃப்ரம்னா 'இருந்து'ன்னு நீங்கதான் சொன்னீங்க. காய்ச்சலிலிருந்து அவதிப்படுகிறேன்னா என்ன சார்? காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு அர்த்தமா?" அது நல்ல கேள்வி. "அப்படித்தான் எழுதணும், உட்காரு" என்றேன். அது பதிலே அல்ல. அவனுக்கு நான் தந்திருக்க வேண்டிய பதிலை இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

தமிழில் "மேசை மேல்" என்கிறோம். ஆங்கிலத்தில் "ஆன் த டேபிள்". நமக்குப் பொருளின் பெயர் முதலில், அதன் உறவைச் சொல்லும் சொல் பிறகு. அவர்களுக்கு நேர் எதிர். ஆன், இன், ஃப்ரம் போன்ற இந்தச் சின்னச் சொற்களுக்குப் பிரிபொசிஷன் என்று பெயர். அந்தப் பெயருக்கே முன்னால் வைத்தது என்றுதான் பொருள். அந்தச் சின்னச் சொல்லும் பின்னால் வரும் பெயரும் சேர்ந்து ஒரே கட்டு. நம் காதில் "ஆன் த டேபிள்" மூன்று சொல்லாக விழக் கூடாது, ஒன்றாக விழ வேண்டும்.

இந்தக் கட்டு நமக்குப் புதியதும் அல்ல. "நான்" என்பதோடு "ஓடு" சேர்த்தால் நானோடு என்று யாரும் சொல்வதில்லை, என்னோடு ஆகிறது. அங்கேயும் "வித் ஐ" கிடையாது, "வித் மீ". ஒரு காலத்தில் ஆங்கிலத்துக்கும் நம்மைப் போலப் பெயரின் கடைசியில் ஒட்டும் உருபுகள் இருந்தன. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் கல்லுக்கு அவர்கள் சொன்ன சொல் "ஸ்டான்". கற்களுக்கு என்றால் "ஸ்டானும்". காலப்போக்கில் அந்த ஒட்டுகள் பெரும்பாலும் தேய்ந்துபோயின. அவை சுமந்த வேலையில் பெரும்பகுதி பிரிபொசிஷன்கள் தலையில் ஏறியது. நமக்கு இன்னும் உருபுகள் இருக்கின்றன. நாம் சொல்லின் வாலில் செய்கிறதை அவர்கள் தலையில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, பிறகு ஏன் தடுமாறுகிறோம்? நம்முடைய "இல்" மிகவும் தாராளமானது. பையில், சுவரில், பஸ் ஸ்டாண்டில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஆங்கிலத்தில் பைக்கு "இன்", சுவருக்கு "ஆன்", பஸ் ஸ்டாண்டுக்கு "அட்". உள்ளே அடைபட்டிருக்கிறதா, பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, வெறும் புள்ளியாக நினைத்துச் சொல்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் அந்த மொழி கேட்கிறது. கடற்கரையில் இருக்கிறோம் என்பதை நம் பிள்ளைகள் "இன் த பீச்" என்பார்கள். தேவனாம்பட்டினத்தில் மணல் மேல் உட்கார்ந்திருந்தால் "ஆன் த பீச்". சந்திக்கும் இடமாகச் சொன்னால் "அட் த பீச்". புதுச்சேரி பீச் ரோட்டில் கடலை ஒட்டி நடந்தால் "பை த ஸீ". மூன்றுக்கும் மனத்தில் வேறு வேறு படம் வருகிறது பாருங்கள்.

வண்டிகளில் இது இன்னும் சுவையானது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வந்தால் "ஆன் த பஸ்", ஆட்டோவில் வந்தால் "இன் அன் ஆட்டோ". எழுந்து நடக்க இடமிருக்கும் பஸ், ரயில், கப்பலுக்கு பெரும்பாலும் "ஆன்". குனிந்து ஏறி உட்காரும் கார், ஆட்டோவுக்கு "இன்". சைக்கிளுக்கும் "ஆன்"தான், ஆனால் அதன் மேலேயே உட்காருகிறோம் என்பதால். இறங்கும்போதும் இந்த ஜோடி பிரியாது. பஸ்ஸிலிருந்து "கெட் ஆஃப்", ஆட்டோவிலிருந்து "கெட் அவுட் ஆஃப்". இந்த இரண்டு ஆஃப்களும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோல இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒன்றுக்கு இரண்டு எஃப், மற்றதற்கு ஒன்று. ஆனால் பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்தான், பிறகுதான் பிரிந்தன.

"காந்தி சிலைக்கு அருகில்" என்பதில் வரும் "க்கு" நம்மை "நியர் டு" என்று சொல்ல வைக்கிறது. "நியர் த ஸ்டாச்சூ" போதும். அந்த "க்கு"வை அங்கே கொண்டுபோக வேண்டாம். பிரெஞ்சு படித்த புதுச்சேரிப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரியில் இருக்கிறேன், புதுச்சேரிக்குப் போகிறேன், இரண்டிலும் ஊர்ப் பெயருக்கு முன் அவர்கள் வைப்பது ஒரே "ஆ". ஒவ்வொரு மொழியும் இடத்தைத் தன் கத்தியால் வெட்டுகிறது.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். ஒரு கட்டைப் பார்த்ததும், இது எதன் மேல் சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். "ஹி மெண்டட் த நெட் ஆன் த போட்." வலையைச் சரிசெய்தார், சரி. படகில் இருந்த வலையையா? அல்லது படகில் உட்கார்ந்து வலையையா? "ஆன் த போட்" வலை மேல் சாய்ந்தால் எந்த வலை என்று சொல்கிறது. வினை மேல் சாய்ந்தால் வேலை எங்கே நடந்தது என்று சொல்கிறது. தமிழில் "படகிலுள்ள வலையை" என்றோ "படகில் உட்கார்ந்து வலையை" என்றோ தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம் வந்துவிடுகிறது. குழப்பம் வேண்டாம் என்றால் கட்டைத் தூக்கி முன்னால் வைக்கலாம்: "ஆன் த போட், ஹி மெண்டட் த நெட்." வேலை நடந்த இடம் படகு என்பது இப்போது உறுதி. கட்டை நகர்த்தினால் முழுசாகத்தான் நகர்கிறது என்பதையும் கவனியுங்கள்.

நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களையும் இந்தச் சாய்வு ஏமாற்றும். பண்ருட்டியிலிருந்து முந்திரி மூட்டை வந்துவிட்டது என்கிறோம். "மூட்டை"க்குப் பக்கத்திலேயே "வந்துவிட்டது" நிற்கிறது, பிழைக்கு வழியில்லை. ஆங்கிலத்தில் "த பேக் ஆஃப் கேஷ்யூஸ்" என்று நடுவில் ஒரு கட்டு நுழைகிறது. பக்கத்தில் இருக்கும் பன்மையைப் பார்த்துக் கை "ஹேவ் அரைவ்ட்" என்று எழுதிவிடும். நடுவில் நுழைந்த அந்தக் கட்டை ஒரு விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: "த பேக் ஹேஸ் அரைவ்ட்." வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததில் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்பட்டது இந்த விரல் வைக்கும் பழக்கம்தான்.

சில வினைகள் தங்களுக்கான சொல்லைத் தாங்களே தேர்ந்துகொள்ளும். "டிஸ்கஸ்" எதையும் கேட்காது, நாம்தான் "பற்றி"யை நினைத்து "டிஸ்கஸ் அபௌட்" என்கிறோம். "லிசன்" தனக்கு "டு" வேண்டும் என்கிறது. "சஃபர்" நோயைச் சொல்லும்போது "ஃப்ரம்" கேட்கிறது. நாம் "காய்ச்சலால்" என்று கருவியைச் சொல்லும் உருபைப் போடுகிறோம். ஆங்கிலம் காரணத்தை ஒரு ஊற்றாகப் பார்க்கிறது, அவதி அதிலிருந்து சுரந்து வருகிறது.

அந்தப் பையன் இன்று எங்கே இருக்கிறான் என்று தெரியாது, கேட்டுக்கொண்டிருந்தாலும் இருக்கலாம். தம்பி, ஃப்ரம் என்றால் "இருந்து" என்று நான் சொன்னதும் சரி, நீ கேட்டதும் சரி. காய்ச்சலை விட்டு வெளியே வந்தவன் நீ இல்லை. காய்ச்சலிலிருந்து வெளியே வருவது உன் அவதி.

நன்றி, வணக்கம்.