நின்று சாப்பிட்டவர்கள் சார்பில்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், பொங்கல் சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் நம் தமிழ்ச் சங்கத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வயிறும் மனசும் நிறைவது பெரிய ரெஸ்டாரண்டிலா, தெருவோரக் கடையிலா? தெருவோரக் கடையில்தான். என் வாதம் அவ்வளவுதான் ஐயா. மீதி நேரத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் புது சாஃப்ட்வேர் ஏற்றப் போயிருந்தேன். சாயங்காலம் முடிய வேண்டிய வேலை நடுராத்திரி வரை இழுத்துவிட்டது. தங்கியிருந்த ஓட்டலுக்கு வந்தால், கீழே பெரிய ரெஸ்டாரண்ட், வெள்ளை மேஜை விரிப்பு, வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். "கிச்சன் மூடியாச்சு" என்றார்கள். பசியோடு வெளியே நடந்தேன். நல்ல குளிர்.

சிட்டி ஹால் பக்கத்தில் ஒரு வண்டி வெளிச்சமாக நின்றது. ஹேவன் பிரதர்ஸ் என்று பெயர். 130 வருஷத்துக்கு மேலாக நடக்கும் கடை. பகலில் அதே இடத்துக்குப் போனால் வெறும் தெருதான் இருக்கும். பொழுது சாயும்போது ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள், விடிவதற்குள் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் குதிரை இழுத்தது, இப்போது லாரி இழுக்கிறது.

வரிசையைப் பாருங்கள். எனக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். அவருக்குப் பின்னால் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர். எனக்கு முன்னால் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்கும் துப்புரவுத் தொழிலாளி. கடைசியில் காலேஜ் பிள்ளைகள். ஒரே வரிசை. முந்திப் போக யாரும் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. முட்டையும் சீஸும் வைத்து ஒரு சாண்ட்விச் கேட்டேன். மாஸ்டர் ஒரு கையால் இரண்டு முட்டையைக் கல்லில் உடைத்து ஊற்றினார், இன்னொரு கையால் பழைய எண்ணெயைச் சுரண்டித் தள்ளினார். "காரமா ஏதாவது இருக்கா?" என்றேன். "எவ்வளவு காரம்?" என்றார். "கண்ணில் தண்ணி வரணும்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஊறப்போட்ட மிளகாயைக் கைநிறைய அள்ளினார். வெங்காயத்தோடு சேர்த்துக் கல்லில் போட்டார். சுர்ர்ர் என்றது பாருங்கள்! புகை நேராக வரிசைக்கு வந்தது. கோட்டு சூட்டுக்காரர் இருமுகிறார். பிள்ளைகள் இருமுகிறார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே இருமுகிறார்.

எதிரணி அண்ணன் சிரிக்கிறார், அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன். மொத்த வரிசையும் இருமுகிறது! பொட்டலத்தை வாங்கினேன். தெருவிலேயே நின்று ஒரு கடி கடித்தேன், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. போலீஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், மாஸ்டரிடம் திரும்பி, "அவர் வாங்கினதையே எனக்கும் ஒண்ணு" என்றார். அப்புறம் பிள்ளைகளும் அதையே கேட்டார்கள். நான் கிளம்பும்வரை கல்லிலிருந்து சுர்ர்ர் சத்தம் ஓயவில்லை. முன்பின் தெரியாத ஊரில், ராத்திரி ஒரு மணிக்கு, அத்தனை பேர் என்னோடு உட்கார்ந்து, மன்னிக்கவும், நின்று சாப்பிட்டார்கள். இது எந்த ரெஸ்டாரண்டில் நடக்கும்?

கூடவே காபி மில்க் என்று ஒன்று குடித்தேன். குளிர்ந்த பாலில் காபி சிரப். 1993இல் அதை மாநில பானமாகவே அறிவித்திருக்கிறார்கள். நம் டிகிரி காபிக்கு ஈடாகாது, ஆனால் காரத்துக்கு அமிர்தம்.

சரி, வாதத்துக்கு வருகிறேன். முதலில் பேசிய அண்ணன், "நின்றுகொண்டு சாப்பிடுவது மாடுதான்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அதை அப்படியே விட எனக்கு மனசில்லை.

அண்ணே, அதே பிராவிடன்ஸில் 1872இல் என்ன நடந்தது தெரியுமா? வால்டர் ஸ்காட் என்று ஒருவர், அச்சகத் தொழிலாளி. ராத்திரி எட்டு மணிக்கே ஊரில் ரெஸ்டாரண்டுகள் கதவைச் சாத்திவிடும். பத்திரிகை ஆபீஸில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவன் சாப்பிட எங்கே போவான்? அவர் ஒரு குதிரை வண்டியைக் கொண்டுவந்து பத்திரிகை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். ஜன்னல் வழியாக சாண்ட்விச், அவித்த முட்டை, காபி. ஐந்து சென்ட்டுக்குப் பசியாறலாம். அமெரிக்காவில் டைனர் என்று சொல்லும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாமே அந்த வண்டியிலிருந்து பிறந்ததுதான். மழையோ பனியோ, வாங்கியவர்கள் தெருவில் நின்றுதான் சாப்பிட்டார்கள். உள்ளே ஏறி நிற்க இடமுள்ள வண்டியை, பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்தில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் கொண்டுவந்தது 1887இல். பதினைந்து வருஷம் கழித்து! அதிலும் நின்றுதான் சாப்பிட்டார்கள். அவர்கள் நின்று சாப்பிட்டுவிட்டுப் போய் அச்சடித்த பேப்பரைத்தான் ஊர்ப் பெரிய மனிதர்கள் காலையில் நாற்காலியில் சாய்ந்து படித்தார்கள். அவர்களா மாடு?

நான் சாப்பிட்ட அந்த வண்டியை ஆரம்பித்தவர் யார்? ஆன் ஹேவன் என்ற பெண்மணி. புருஷன் செத்துப்போனார். இன்சூரன்ஸ் பணம் வந்தது. அந்தப் பணத்தில் வண்டியும் குதிரையும் வாங்கித் தெருவில் இறங்கினார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது ஐயா. பெரியப்பா போன பிறகு, இருந்த ஒரே சங்கிலியை விற்று, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் இட்லிக் கடை போட்டார். விடிகாலை முதல் பஸ் டிரைவரும் கண்டக்டரும் நின்றபடிதான் சாப்பிடுவார்கள். காசு இல்லை என்பவனுக்கும் தட்டில் நான்கு இட்லி விழும், "நாளைக்குக் குடுப்பா" என்பார். எல்லோரும் போன பிறகு, குண்டான் அடியில் மிச்சமிருக்கும் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிடுவார். உட்கார நேரம் ஏது? அந்த இட்லியில்தான் இரண்டு அக்காக்களும் டீச்சர் ஆனார்கள். எனக்கு முதல் காலேஜ் ஃபீஸ் கட்டியதும் அந்த அழுக்கு நோட்டுகள்தான்.

மணி அடிக்கிறது, தெரிகிறது. தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும் எனக்குச் சம்மதம் ஐயா. அண்ணன் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுந்து வாபஸ் வாங்கிவிடட்டும். எங்கள் பெரியம்மா கேட்பதாக நினைத்து வாங்கிவிடுங்கள் அண்ணே.

நன்றி, வணக்கம்.