கடைசி வரை யாரோ... அந்த 'யாரோ' யாரு?

(திரை கறுப்பு. குரல் மட்டும்.)

ஒரே ஒரு எழுத்து. ஓ. ஒரு பழைய பாட்டோட பல்லவி அந்த எழுத்துலதான் முடியுது. அந்த ஓ-வைச் சின்ன வயசுல நான் ஒரு மாதிரி கேட்டேன். எங்க தாத்தாவை எரிச்ச அன்னிக்கு அது வேற மாதிரி கேட்டுச்சு. அதுக்கப்புறம் பழையபடி கேட்கவே முடியல. பாட்டு உங்களுக்கும் தெரியும். உங்க காதுல அது எப்படி விழுதுன்னு கடைசியில கேட்பேன், யோசிச்சு வைங்க.

(திரையில் பல்லவி, வரி வரியாக.)

வீடு வரை உறவு
வீதி வரை மனைவி
காடு வரை பிள்ளை
கடைசி வரை யாரோ

வணக்கம் மக்களே. பின்னணியை வேகமா முடிச்சுடுறேன். படம் பாத காணிக்கை, வருஷம் 1962, எழுதினது கண்ணதாசன், இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி, பாடினது டி.எம்.சௌந்தரராஜன். படத்தோட கதை நமக்கு இன்னிக்குத் தேவையில்ல. ஏன்னா இந்தப் பாட்டு படத்தை விட்டு எப்பவோ இறங்கி வந்து, சாவு வீட்டு ஒலிபெருக்கியில குடியேறிடுச்சு.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். கொஞ்சம் நேரம் ஆகும், கூடவே இருங்க.

இந்தப் பல்லவிக்கு ஒரு பாட்டன் பாட்டு இருக்கு. பட்டினத்தார் பாட்டு.

(திரையில் பட்டினத்தார் பாடல், மெதுவாக நகர்கிறது.)

"அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே விழி அம்பொழுக மெத்திய மாதரும் வீதிமட்டே விம்மி விம்மி இரு கைத்தலமேல் வைத்தழும் மைந்தரும் சுடுகாடு மட்டே பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே."

அத்தம்னா பொருள், சொத்து. பணமும் சுகமும் வீட்டோட நின்னுடும். கண்ணீர் விட்டு அழற பெண்கள் வீதியோட. தலையில கைவெச்சுத் தேம்பி அழற பிள்ளைங்க சுடுகாட்டோட. அதையெல்லாம் தாண்டிக் கூடவே வர்றது, செஞ்ச புண்ணியமும் பாவமும்.

"கண்ணதாசன் அதை எளிமையாக்கினாரு"ன்னு சொல்லிட்டு நிறைய பேர் இந்த இடத்துல நிறுத்திடுறாங்க. எனக்கு அது போதாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகரா இருந்து துறவியானவர்னு மரபு சொல்லுது. அவருக்கு முதல்ல ஞாபகம் வர்றது சொத்து. கண்ணதாசன் சொத்தைப் பல்லவிக்குள்ளயே விடல. அந்த இடத்துல உறவை உட்கார வெச்சாரு. பட்டினத்தார்கிட்ட ஒரு கூட்டமே பெண்கள். கண்ணதாசன்கிட்ட ஒரே ஒருத்தி, மனைவி. அந்த மாற்றத்துலயே தெரு முனை எவ்வளவு வெறிச்சோடிப் போகுது பாருங்க.

இன்னொண்ணு. பட்டினத்தார் பாட்டு முழுக்கக் கண்ணீர். கண்ணு ஒழுகுது, விம்முறாங்க, கை தலைக்குப் போகுது. கண்ணதாசன் பல்லவியில ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. யாரும் அழல. இன்னும் சொல்லப்போனா அதுல ஒரு வினைச்சொல்லே கிடையாது! எண்ணிப் பாருங்க. மொத்தம் 12 சொல். வர்றாங்க, போறாங்க, அழறாங்க, நிக்கிறாங்க, எதுவுமே இல்ல. எல்லாரும் அங்கங்க அசையாம நிக்கிறாங்க. அவங்களைத் தாண்டிப் பாடை மட்டும் போகுது. அந்த அசைவும் சொல்லுல இல்ல, மெட்டுல இருக்கு. இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

சரி, நாலாவது வரி. பட்டினத்தார் மூணு தடவை "மட்டே" போட்டாரு. நாலாவதுக்குப் போடல. புண்ணிய பாவத்துக்கு எல்லை இல்ல, அது தொடரும்னுட்டாரு. கண்ணதாசன் நாலாவதுக்கும் ஒரு "வரை" போட்டாரு. அதுக்கும் ஒரு எல்லை வெச்சாரு. ஆனா அந்த எல்லை வரைக்கும் கூட வர்றது யாருன்னு மட்டும் சொல்லல. பட்டினத்தாருக்குப் பதில் தெரிஞ்சிருந்தது. இவரு அந்தப் பதிலை எடுத்துட்டு "யாரோ"ன்னு வெச்சாரு.

ஏன்? கண்ணதாசன் கடவுள் மறுப்பு பேசின திராவிட இயக்க மேடைகள்ல வளர்ந்தவர். தி.மு.க.வை விட்டு வெளிய வந்தது 1961. பிற்காலத்துல அர்த்தமுள்ள இந்துமதம் எழுதினவரும் அவர்தான். இந்தப் பாட்டு நடுவுல வருது. பாவ புண்ணியம் தொடரும்னு அடிச்சுச் சொல்ல அப்ப அவருக்கு மனசு வந்திருக்காது. ஒண்ணுமே தொடராதுன்னு சொல்லவும் வந்திருக்காது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறவன் வாயில வர்ற சொல்லுதான் யாரோ. இது என் ஊகம்தான். ஆனா நான் இதை நம்புறேன்.

இப்ப அந்த ஓ-வுக்கு வருவோம். இலக்கணம்னு சொன்னதும் வீடியோவை மாத்திடாதீங்க, இதுதான் சுவாரசியமான இடம். ஓ-ங்கிற இந்த ஒரு எழுத்து இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் 6 பொருள் சொல்லுது. நன்னூல் அதை 8 ஆக்குது. அதுல ரெண்டை மட்டும் எடுத்துக்குறேன். ஒண்ணு வினா, இன்னொண்ணு எதிர்மறை.

வினாவா கேட்டா, "கடைசி வரைக்கும் கூட வர்றது யாரு?" பதில் தெரியாத கேள்வி.

எதிர்மறையா கேட்டா? "நானோ திருடுவேன்?"னு ஒருத்தர் சொன்னா, திருட மாட்டேன்னுதானே அர்த்தம்? அந்த மாதிரி, "கடைசி வரைக்கும் யாரு வருவா? எவனும் வரமாட்டான்." சின்ன வயசுல நான் கேட்டது இதுதான். எங்க வீட்டுல பெரியவங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க. "யாரும் வரமாட்டாங்கடா, அதான் பாட்டு."

மூணாவது ஒண்ணு இருக்கு. அதுக்கு இலக்கணமே வேணாம், நம்ம வீட்டு வாசல் போதும். கதவு தட்டுற சத்தம் கேட்டா என்ன சொல்றோம்? "யாரோ வந்திருக்காங்க, பாரு." அந்த யாரோ கேள்வி கிடையாது. இல்லைன்னும் அர்த்தம் கிடையாது. ஆள் இருக்காங்க. நமக்குத்தான் யாருன்னு தெரியல.

(ஓர் ஊர்த் தெரு. மாலை.)

எங்க தாத்தா செத்தப்ப எனக்கு 19 வயசு. பல்லவி அப்படியே என் கண்ணு முன்னாடி நடந்துச்சு. சொந்தக்காரங்க வாசல் பந்தல் வரைக்கும். பாட்டி தெரு முனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும். எங்க பக்கம் அப்பல்லாம் பொம்பளைங்க அதுக்கு மேல வரக்கூடாது. இப்ப மின் மயானத்துக்குப் பெண்களும் வர்றாங்க, அந்த ஒரு வரி மாறிட்டு இருக்கு, மாறட்டும். அப்பா சுடுகாடு வரைக்கும். கொள்ளிக்குடம் தோள்ல, மூணு சுத்து, குடத்தைப் போட்டு உடைச்சாச்சு, கொள்ளி வெச்சாச்சு. "திரும்பிப் பார்க்காம நடங்க"ன்னாங்க.

நான் திரும்பிப் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு அங்க ஒருத்தர் நின்னுட்டு இருந்தாரு. வெட்டியான்னு ஊரே கூப்பிடுற மனுஷர். அப்பாவைவிட வயசானவர். அவரை எங்க தெருச் சின்னப் பசங்ககூட "வாப்பா, போப்பா"ம்பாங்க. வறட்டியும் வைக்கோலும் வெச்சு, மேல களிமண் பூசி மூட்டம் போட்டவர் அவர்தான். ஒரு பக்கம் மண்ணு வெடிச்சுப் புகை கிளம்புச்சு. கையால ஈர மண்ணை அள்ளி அந்த வெடிப்பை அடைச்சாரு. குழந்தைக்குப் போர்வை இழுத்து விடுற மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு நடக்குறப்ப அந்தப் பாட்டு மண்டையில ஓடுது. வீடு வரை, வீதி வரை, காடு வரை... கடைசி வரை யாரோ. சட்டுன்னு நின்னுட்டேன். அந்த யாரோ அவர்தானே?

யாரும் இல்லைன்னு நாம பாடிட்டு இருக்கோம். ஆள் அங்க நிக்கிறாரு. இந்த வேலையைச் சாதியின் பேரால சில குடும்பங்கள் மேல தலைமுறை தலைமுறையா சுமத்திட்டு, பேர்கூடக் கேட்காம, அந்த ஆளை நாம "யாரோ" ஆக்கிட்டோம். எனக்கு இப்ப அந்த வரி தனிமையைச் சொல்லல. நாம யாரைப் பார்க்கலன்னு சொல்லுது.

"கண்ணதாசன் இதை நினைச்சு எழுதினாரா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நினைச்சிருக்கணும்னு அவசியம் இல்லைங்கிறதுதான் என் பதில். இருவர் படத்துல "நறுமுகையே" கேட்டிருப்பீங்க, 1997. வைரமுத்து எழுதினது. அதுல "அற்றைத் திங்கள்"னு ஆரம்பிக்கிற வரி, காதலன் காதலியைப் பார்த்துப் பாடுற வரி. அந்தச் சொல் எங்க இருந்து வருது? புறநானூறு 112. பாரி செத்துட்டாரு, பறம்பு மலை பறிபோயிடுச்சு. அவர் மகள்கள் ரெண்டு பேரும் நிலாவைப் பார்த்து அழறாங்க. போன மாச நிலாவுல அப்பா இருந்தாரு, மலையும் எங்ககிட்ட இருந்துச்சு, இந்த மாச நிலாவுல மலையும் இல்ல, அப்பாவும் இல்ல. அஞ்சே வரி. ஒப்பாரிக்குப் பொறந்த சொல்லு, காதலுக்கு வந்து சேர்ந்துடுச்சு. இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு அந்த டூயட்டுக்குள்ள அப்பா இல்லாத ரெண்டு பொண்ணுங்க நிக்கிறது எனக்குக் கேட்குது. அந்தப் பாரி மகளிர் நினைச்சா காதல் பாட்டுக்கு வரி கொடுத்தாங்க? சொல்லை எழுதினவர் விட்டுடுவார். கேட்கிறவங்க கொண்டு போவாங்க.

(அதே சுடுகாடு. காலை வெயில்.)

மறுநாள் காலையில பால் தெளிக்கப் போனோம். அவர் தண்ணி ஊத்திச் சாம்பலை ஆத்தி வெச்சிருந்தாரு. அப்பா எலும்பு பொறுக்கிட்டு இருக்குறப்ப நான் அவர்கிட்ட போனேன்.

"ராத்திரி எவ்வளவு நேரம் இருந்தீங்கய்யா?"

"முழுசா ஆகற வரைக்கும் தம்பி. ரெண்டு மணிக்கு மேல தூறல் போட்டுச்சு. தகரத்தை இழுத்து மேல சாத்துனேன். பாதியில விட்டுட்டுப் போகலாமா?"

பேரைக் கேட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டுச் சொன்னாரு. அந்தப் பேரு சொல்லி எங்க ஊர்ல ஒருத்தர்கூட அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல.

இப்ப உங்க முறை மக்களே. வினாவா, எதிர்மறையா, இல்ல வாசல்ல நிக்கிற அந்த ஆளா, உங்களுக்கு எது கேட்குது? கீழ எழுதுங்க. உங்க வீட்டுப் பெரியவங்களுக்குக் கடைசி வரைக்கும் நின்னது யாருன்னும் எழுதுங்க. பேர் தெரியலைன்னா இன்னிக்கு வீட்டுல கேட்டுட்டு வந்து எழுதுங்க, நான் காத்திருக்கேன்.