மேலுலகம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

நடுவர் அவர்களே, வெளுத்து வாங்கிவிட்டுச் சாவகாசமாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே, வணக்கம்.

'மனிதனை நல்வழியில் நிறுத்துவது மறுமை நம்பிக்கையா, இம்மை அக்கறையா?' இம்மை அக்கறைதான் என்று பேச வந்திருக்கிறேன். மேடை ஏறும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்து, "அம்மன் கோயில் கொடையில் நின்றுகொண்டு இப்படிப் பேசலாமா தம்பி?" என்று கேட்டார். தாராளமாகப் பேசலாம் ஐயா. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் என்ன அறிவிக்கிறான்? 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். சாமிக்குத் திருவிழா, கூடவே சாமியைப் பற்றிய வாதம். இரண்டும் ஒரே ஊரில் ஒரே விழாவில் நடந்தன. தொடர்ந்து, 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்', அதாவது பகையும் சண்டையும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். அதனால் எதிரணியினர் என் சட்டையைப் பிடிக்க முடியாது.

எதிரணிப் பேராசிரியர் ஐயா ஒரு உவமை சொன்னார். மேலே ஒரு கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நம்புகிறவன் திருட மாட்டானாம். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். அப்புறம்தான் இந்தக் கோயில் உண்டியல் கண்ணில் பட்டது. அதற்கு இரண்டு பூட்டு. பூட்டுக்கு நேர் மேலே நிஜமான கேமரா. கருவறைக்கு எதிரே, அம்மனின் நேர்பார்வையில் இருக்கிற உண்டியலுக்கே இந்தக் காவல் தேவைப்படுகிறதே, ஏன்? நிர்வாகக் குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்தது சரி. மறுமை பயம் மட்டும் போதாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்துப் பேசிய அக்கா மணிமேகலையையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகப் பார்த்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் பூதவாதி, அதாவது எல்லாமே பூதங்களின் சேர்க்கைதான் என்பவன், மறுமை என்பதே பொய் என்கிறான். கண்ணால் காண்பதை மட்டும்தான் ஏற்பேன் என்பவன் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள். மடக்கினாள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அக்கா, அவள் மடக்கியது அவனுடைய அளவையை, அதாவது எதை வைத்து உண்மையை அறிவது என்ற முறையை. மறுமை இல்லை என்றாயே, அதனால் நீ அயோக்கியன் என்று ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லவில்லை. நம் தலைப்போ ஒழுக்கத்தைப் பற்றியது.

அதே வரிசையில் ஆசீவகனும் இருக்கிறான். அவனை எதிரணி வசதியாகத் தாண்டிப் போய்விட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவன்தான், கொஞ்ச நேரம் அவனோடு நிற்கிறேன். ஆசீவகம் என்பது ஒரு பழைய சமயம். அதன் ஆசான் மற்கலியின் வழியில் வந்த ஆசீவகர்களுக்கு எல்லாமே ஊழ், அதாவது விதி. நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் ஊழ் மாறாது. மூடனும் அறிஞனும் வரையறுத்த பிறவிகளையெல்லாம் கடந்து ஒரே மாதிரிதான் துன்பம் தீர்வார்கள். நடுவர் அவர்களே, இந்தக் கொள்கையில் நல்லவனாக இருப்பதற்கு எந்தக் கூலியும் இல்லை. எதிரணிக் கணக்குப்படி அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? கும்மாளம் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்திலேயே கடுந்தவத்துக்குப் பேர்போனவர்கள் அவர்கள். உடையைத் துறந்தார்கள், பட்டினி கிடந்தார்கள். மேலே எந்தப் பரிசும் இல்லை என்று சொன்னவர்களின் வாழ்க்கை இது.

கடவுள் கொள்கைக்கும் வருகிறேன். சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது. பௌத்தத்தில் நிலையான ஆன்மாவே கிடையாது. கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு நாள். சைவனுக்கும் வைணவனுக்கும் பிறவி ஒரு சங்கிலி. இவற்றில் ஒன்று சரியென்றால் மற்றவை எப்படிச் சரியாகும்? ஆனால் கொல்லாதே, திருடாதே, பசித்தவனுக்குச் சோறு போடு என்பதில் எல்லோரும் கை கோத்துக்கொள்கிறார்கள். மேலே போகும் வழியில் இத்தனை சண்டை, கீழே நடக்கும் வழியில் சண்டையே இல்லை. அப்படியென்றால் அறம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

கொரோனா காலம் நினைவிருக்கிறதா? 2020-லும் 2021-லும் பெற்ற பிள்ளைகளே அப்பாவின் உடலைத் தொட அஞ்சி நின்ற இடங்கள் உண்டு. அப்போது நம் தமிழ்நாட்டில் முஸ்லிம் தன்னார்வலர்கள் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு, வேர்வை உள்ளேயே வழிய, யார் யாரையோ தூக்கினார்கள். உடலை எரிக்கக்கூடாது, மண்ணில் அடக்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். ஆனால் இறந்தவர் வீட்டில் எரிக்கும் வழக்கம் என்றால், சுடுகாட்டுக்கே கொண்டுபோய் அந்த வீட்டு முறைப்படியே செய்து கொடுத்தார்கள். ஏன் செய்தீர்கள் என்று கேட்டால், அல்லாஹ்வின் பொருத்தத்துக்காக, அதாவது அவன் திருப்திக்காக என்று சொல்வார்கள். எதிரணி இங்கே கைதட்டலாம், நான் தடுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். தங்கள் மறுமையில் இடமில்லாத ஒரு சடங்கை, தங்கள் சமயத்தைச் சேராத ஒருவருக்காகச் சுடுகாடு வரை போய்ச் செய்ய வைத்தது எது? எதிரே அழுதுகொண்டிருந்த அந்தக் குடும்பம். இம்மையில், கண் முன்னால் நின்ற குடும்பம்.

மறுமையை நம்பினால் ஆறுதல் கிடைக்கும் என்றார்கள். கிடைக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் நான் பூதவாதம் பேச மாட்டேன். ஆனால் ஆறுதல் வேறு, ஒழுக்கம் வேறு. மறுமையை ஒழுக்கத்துக்குக் கூலியாக வைத்தால் உடனே கடை திறந்துவிடுவார்கள். ஐரோப்பாவில் கத்தோலிக்கத் திருச்சபையின் பெயரால் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டைக் காசுக்கு விற்றார்கள். ரோமில் பேதுரு பேராலயம் கட்ட அந்தப் பணமும் போனது. பொறுக்க முடியாமல்தான் 1517-இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் எதிர்த்துக் கிளம்பினார். நம் பக்கம் மட்டும் குறைச்சலா? செத்தவர் யமலோகம் போகும் வழியிலுள்ள வைதரணி ஆற்றைக் கடக்கப் பசு தானம் செய்ய வேண்டும். பசு இல்லையா? பரவாயில்லை, அதற்கு ஈடாகப் பணம் கொடுத்தால் போதும். அழுகை ஓயாத வீட்டில் பேரம் நடக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கடைக்கு நம் புலவர் ஒருவர் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆயைப் பாடுகிறார். 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்' என்கிறார். இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கொடுப்பவன் வியாபாரி. ஆய் அப்படிக் கொடுக்கவில்லை; சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தான். ஒருவனைப் புகழ வேண்டும் என்றால், இவன் சொர்க்கத்துக்காகக் கொடுக்கவில்லை என்று புகழ்ந்திருக்கிறார்கள் பாருங்கள்!

மணி அடித்துவிட்டார்கள். வள்ளுவர் மறுமையைச் சொல்லவில்லையா, எழுபிறப்பைச் சொல்லவில்லையா என்று எதிரணித் தலைவர் அம்மா குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. சொல்லியிருக்கிறார் அம்மா. நிறையவே சொல்லியிருக்கிறார். ஆனால் ஈகை அதிகாரத்தில் 'மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று' என்றும் அவரேதான் சொல்கிறார். மேலுலகம் இல்லாவிட்டால் ஈவதை நிறுத்திவிடலாம் என்று அவர் எங்காவது சொல்லியிருந்தால், அந்த ஒரு குறளை மட்டும் இங்கே படித்துக் காட்டுங்கள். நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். வணக்கம்.